வழவழப்பு

அக்காவின் விரல்கள் தங்கையின் நெற்றியில் ஒரே இடத்தில் நின்றுவிட்டன.

எதுவும் தட்டுப்படவில்லை.

கன்னத்துக்கு இறங்கினாள். தாடையோரம் போனாள். அங்கேயும் ஒன்றுமில்லை.

வேலை முடிந்து வந்ததும் பாதாம் எண்ணெயில் கொஞ்சம் கருஞ்சீரக எண்ணெயைக் கலந்து, உள்ளங்கையில் விட்டு, சூடு வரத் தேய்த்துத் தங்கையின் முகத்தில் தடவிவிடுவது அவள் வழக்கம். நாள் முழுக்கச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற கை. துணியில் சின்னச் சுருக்கம் இருந்தாலும் கண்ணுக்கு முந்தி அந்தக் கைக்குத் தெரிந்துவிடும்.

தங்கையின் முகமும் அந்தக் கைக்கு மனப்பாடம். நெற்றியில் கடுகு கொட்டியதுபோல் பொடிப் பருக்கள். தாடையில் பழுத்துச் சிவந்தவை. கடையில் வேலை கூடி ஒரு மாதமாகத் தடவுவது நின்றுபோய், இன்றைக்குத்தான் மறுபடி எண்ணெயை எடுத்தாள்.

அந்த முகத்தோடுதான் தங்கை செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே ஒரு வாடிக்கையாளர், அவள் நீட்டிய போனைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வாங்கினாராம். சொல்லும்போது சிரித்தாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

"அடேயப்பா! பீங்கான் தட்டு மாதிரில்ல இருக்கு மூஞ்சி!"

எதிர் ஃபிளாட் டீச்சர். இரவல் வாங்கிப் போன குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன எண்ணெய்ம்மா அது? என் பொண்ணுக்கும் ஒரு பாட்டில் சொல்லி வையேன்."

"எண்ணெய்ல என்ன இருக்கு டீச்சர்? எல்லாம் எங்கக்கா கைராசி" என்றாள் தங்கை. அவள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

டீச்சர் போனதும் அக்கா கதவைச் சாத்தினாள். கைராசியாம்.

எண்ணெயால் இந்தப் பரு போகாது. பரு வரத் தொடங்கியபோதே டாக்டர் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார். இது மாத்திரையால் வருகிற பரு. எண்ணெய் தடவினால் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். மாத்திரையை மட்டும் ஒருவேளைகூட விடக்கூடாது.

தங்கையின் ஆறுதலுக்காகத்தான் தடவ ஆரம்பித்தாள். போகப்போக அது அவளுடைய ஆறுதலாகிவிட்டது. விரலில் பரு நெருடும்போதெல்லாம், மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று ஒரு நிம்மதி. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து நிறுத்தினே?"

தங்கை, எதை என்று கேட்கவில்லை.

"ஒரு மாசமாவது மனுஷ மூஞ்சியோட நடமாடலாம்னு தோணிச்சுக்கா." குரல் இறங்கியது. "உடம்புக்கு ஒண்ணும் ஆகலையே. நல்லாத்தானே இருக்கேன்."

அக்கா அவளுடைய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள்.

குழி விழுந்தது. மேலே எழும்பவில்லை; நீர் கோத்திருந்தது.

இருவரும் அந்தக் குழியையே பார்த்தார்கள். தங்கையின் உதடு கோணிக்கொண்டது. அடி விழும் என்று எதிர்பார்த்தவள்போல் தோளைக் குறுக்கினாள்.

"செருப்பைப் போடு" என்றாள் அக்கா. "எண்ணெயைத் துடைக்க வேணாம். கிளம்பு."

டாக்ஸி பிடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோதுதான் தங்கை கேட்டாள்:

"மறுபடியும் எல்லாம் வந்துடும்ல?"

"வரட்டும்."

அவசரப் பிரிவில் புது டாக்டர். இளவயசு. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். வந்த பிறகு நெடுமூச்சு விட்டார். கொஞ்சம் பாதிப்பு இருக்கிறது, இன்றைக்கே ஊசி ஆரம்பித்தால் மீட்டுவிடலாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கையை விட்டுப் போயிருக்கும் என்றார். தங்கை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"மாத்தி வெச்ச கிட்னி யாரோடது?"

தங்கை தலை நிமிராமலே, பக்கத்தில் நின்ற அக்காவின் பக்கம் மெல்ல விரலை நீட்டினாள்.

அக்கா அந்த விரலைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அவளோடதுதான் டாக்டர்."