இத்தாலியில் ஒரு ஐஸ்கிரீம் கடை

இத்தாலிக் கண்காட்சிக்குப் போய் வந்த சூப்பர்வைசர் ஜெயசீலன், ஆம்பூர் ஷூ கம்பெனி கேன்டீனில் நாலாவது நாளாக அந்த ஐஸ்கிரீம் கடையைப் பேச்சிலேயே கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்.

"நானே கண்டுபிடிச்ச கடை. நாற்பது வகை! க்யூ அடுத்த தெரு வரைக்கும் நிக்குது."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். தையல் பிரிவு ஜாஸ்மின் மட்டும் ஓரமாகவே நின்றாள். செருப்புப் பட்டையில் ஒரு தையல் ஜாஸ்தி போட்டு நேரத்தை வீணாக்குகிறாள், திரும்பி வந்ததும் மிஷினை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டிவிட்டுத்தான் அவர் விமானம் ஏறியிருந்தார்.

"நீங்க எந்த வகை சார் சாப்பிட்டீங்க?" என்றாள் மெதுவாக.

"நானா... சாப்பிடலம்மா."

"அப்ப நாலு நாளா இன்னா சார் கதை?" என்றார் பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தொழிலாளி கன்னியப்பன்.

"க்யூவுல எனக்கு முன்னாடி நின்ன அம்மா கால்ல நம்ம கம்பெனி செருப்பு. அடி தேய்ஞ்சு போச்சு, பட்டை மட்டும் அசையல. அடுத்த ஆளு நான்தான். ஆனா அவங்க வாங்கிட்டு நடந்ததும், செருப்பைப் பார்த்துக்கிட்டே மூணு தெரு பின்னாடி போய்ட்டேன். திரும்பி வந்தா கடையை மூடிட்டான்."

"யாரு தைச்சதுன்னு தெரிஞ்சுதா சார்?" என்றாள் ஜாஸ்மின்.

ஜெயசீலன் ஜாஸ்மினின் கைகளைப் பார்த்தார்.

"ஒரு தையல் ஜாஸ்தி இருந்துச்சும்மா."