பிரேக் கம்பி

"பெத்த பிள்ளையத் தின்ன வண்டிய்யா அது! அதைப் போய் எண்ணெய் போட்டுத் துடைக்கிறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

வேலம்மா கத்தினாள். செல்லையா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்காதே."

அது ஒரு பழைய தோட்ட டிராக்டர். ஆள் இடுப்பு உயரம்தான். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. கியா பார்ம் என்ற மலையூருக்கு மேலே, செல்லையாவின் கோசுக் காட்டில் மாடு மாதிரி உழைத்தது. எழுபத்தொன்பதாம் வருஷத்து மழையில் ஒரு நாள், இறக்கத்தில் நிற்காமல் பள்ளத்தில் பாய்ந்தது. ஓட்டிய மகன் ராதாகிருஷ்ணன் அடியில் சிக்கிப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

போலீஸ் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. ஊர் அப்படி எழுதவில்லை.

உடைந்திருந்த பிரேக் கம்பியை அதற்கு முதல் வாரம்தான் வெல்டிங் வைத்துக் கொடுத்திருந்தான் சாம்பசிவம். தேயிலைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். வேலம்மாவின் கூடப் பிறந்த தம்பி.

கருமாதி முடிந்த மறுநாளே செல்லையா ஆள் வைத்து வண்டியை மேலே இழுத்தார். யாரையும் கிட்டே விடவில்லை. கொட்டகைக்குள் தள்ளி, சாக்குப் போட்டு மூடினார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

"எதுக்குக் கழட்டிப் பூட்டுறாரு தெரியுமா? ஒட்டு விட்டுப் போச்சுன்னு நிரூபிக்க. மச்சானை உள்ள தள்ளாம ஓயமாட்டாரு லா."

தோட்டத்து லயத்து வீடுகளில் இதுதான் பேச்சு.

சாம்பசிவம் வேலைக்குப் போவதை நிறுத்தினான். சோறு இறங்கவில்லை. அவன் பெண்டாட்டி மாரியம்மா வீட்டிலிருந்த பூச்சிமருந்தை எல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள். பிறகு கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணே, தூக்கத்துல எந்திரிச்சு 'என் கை, என் கை'ன்னு அலறுறாரு. நாலு அடி அடிச்சுட்டு விட்டுருங்கண்ணே."

"அவனை நான் எதுக்கு அடிக்கணும்? வண்டி சொல்லட்டும். நீ போ."

வேலம்மா காலில் விழாத குறை.

"பிள்ளைதான் போயிட்டான். தம்பியாவது இருக்கட்டும்யா. அந்தச் சனியனைப் பழைய இரும்புக்குப் போட்டுரு."

"வண்டி ஓடணும்."

"ஓடி?"

"ஓடணும்னா ஓடணும்."

கார்புரேட்டர் பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் கிடைத்தது. முன்சக்கரத்துக்கு ஈப்போ வரை போனார். ஒரு சாமான் மட்டும் எங்கும் அகப்படவில்லை. தாப்பாவில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, குவியலைக் கிளறி அலுத்துப்போனான்.

"புதுசு செஞ்சு தர்றேன் லா. பளபளன்னு இருக்கும்."

"வேணாம். இதே மாதிரிப் பழைய வண்டியோடது வேணும்."

"கிடைச்சாலும் துருப்பிடிச்சுக் கெடக்கும்."

"துருப்பிடிச்சதுதான் வேணும். தேடு."

தவுக்கே சிரித்துக்கொண்டே தேடி எடுத்துக் கொடுத்தான். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான்.

வண்டி தயாரான ஞாயிற்றுக்கிழமை, செல்லையா மச்சானுக்கு ஆள் அனுப்பினார். வேடிக்கை பார்க்கச் சனம் கூடிவிட்டது. தோட்டத்துக் கங்காணி முனியாண்டியும் வந்து நின்றார். இரண்டு பேர் சாம்பசிவத்தைத் தாங்கிக் கூட்டி வந்தார்கள்.

"மாமா, பாக்க வேணாம். என்னைப் போலீஸ்ல விட்டுருங்க."

"வாயை மூடு. குனிஞ்சு பாரு."

குனிந்தான். சேறும் கிரீஸும் அப்பிய பிரேக் கம்பி. நடுவில் ஒட்டு. விடவில்லை.

"பிடிச்சு இழு."

இழுத்தான். அசையவில்லை.

செல்லையா வண்டியில் ஏறி, அதே இறக்கத்தில் விட்டார். வேலம்மா முகத்தை மூடிக்கொண்டாள். பாதி வழியில் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது.

"பாத்துக்கிட்டீங்களா? ஒட்டு நல்ல ஒட்டுதான். பையன்தான் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருக்கான். இனிமே எவனும் வாயைத் திறக்கக்கூடாது. போங்க, போய் வேலையப் பாருங்க."

சாம்பசிவம் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். அழுது ஓய்ந்து, "அக்கா, கொஞ்சம் சோறு இருக்கா?" என்றான்.

வேலம்மா போட்டாள். அவன் சாப்பிட்டுப் போனபிறகு புருஷன் எதிரில் வந்து நின்றாள்.

"பதில் பேச முடியாதவன் மேல பழியைப் போட்டுட்ட. என் பிள்ளை அப்படி ஓட்டுறவன் இல்ல. இனி என் மூஞ்சில முழிக்காத."

செல்லையா ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அன்றிலிருந்து அவர் தட்டை வைத்துவிட்டு அவள் எழுந்து போய்விடுவாள்.

அடுத்த கோசு லோட்டோடு செல்லையா கம்போங் ராஜா ஊருக்குப் போனார். வெல்டிங் கடை காளிமுத்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"பெரியவரே! நல்ல கம்பியை நடுவுல அறுத்து, மறுபடி ஒட்டச் சொன்னீங்களே, வண்டி நிக்குதா?"

"நிக்குது."

"அளவுக்குக் கொடுத்தீங்களே, பள்ளத்துல விழுந்த வண்டியில இருந்த கம்பி, அது இங்கதான் ரெண்டு துண்டாக் கெடக்கு." காலால் அதைத் தள்ளிக் காட்டினான். "மேலாப்புல ஒட்டியிருக்கான். உள்ள பிடிக்கவே இல்ல. ஒரு உயிரைக் கொன்னவன் வேலை இது. எவன் பெரியவரே ஒட்டினது?"

"நான்தான்," என்றார் செல்லையா.