குற்றமற்றவள்

பண்ணையடிமையாகப் பிறந்த கொல்லன் பஹோம், அன்று ஜூரிகளின் தலைவனாக உட்கார்ந்திருந்தான். ரஷ்யப் பேரரசர் ஜார் கொண்டுவந்த புதுச் சட்டப்படி அவனும் தீர்ப்புச் சொல்லலாம்.

குடியானவன் ஒருவனைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்த போலீஸ் அதிகாரியை, பள்ளி ஆசிரியை அக்ராஃபெனா கன்னத்தில் அறைந்துவிட்டாள். அதுதான் வழக்கு.

"அறைஞ்சது உண்மைதானே? மிஞ்சிப்போனா நாலு மாசம் ஜெயிலு. குற்றவாளின்னு சொல்லிட்டு வீட்டைப் பாக்கப் போவோம்" என்றார் ஜூரிகளில் ஒருவரான மாவு வியாபாரி.

"இதைப் பாருங்க முதலாளி." பஹோம் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினான். முதுகெல்லாம் சவுக்குத் தழும்பு. "அன்னைக்கு எனக்காக ஒருத்தரும் கை ஓங்கல."

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

"குற்றமற்றவள்" என்று பஹோம் அறிவித்ததும் மண்டபமே கைதட்டியது. அக்ராஃபெனா அவனை நோக்கித் தலை தாழ்த்தி வணங்கினாள்.

அவன் வெளியே வந்தபோது, வாசலில் சிப்பாய்கள் அவளை ஒரு மூடுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஹோம் அங்கே நின்ற அரசியல் போலீஸ் அதிகாரியிடம் ஓடினான்.

"ஐயா, கோர்ட்டுதான் விட்டுருச்சே?"

"விட்டதாலதான் எங்க கைக்கு வந்தா" என்றார் அவர். "நீ குற்றவாளின்னு சொல்லியிருந்தா நாலு மாசத்துல வீட்டுக்குப் போயிருப்பா. இப்ப விசாரணையே வேண்டாம், மேலிடத்துக் கையெழுத்து ஒண்ணு போதும். சைபீரியா, அஞ்சு வருஷம்."

பஹோம் ஓடிப்போய் வண்டியின் ஜன்னல் கம்பியைப் பிடித்தான். வண்டி நகர்ந்தது. கம்பி வழியே அக்ராஃபெனா சிரித்தாள்.

"ஏன் பெரியவரே கலங்குறீங்க? விடுதலைக் காகிதத்துல கையெழுத்துப் போடத்தான் கூட்டிட்டுப் போறாங்களாம். நீங்க செஞ்ச உதவியை உசிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."