அன்றைய வாக்கியம்

வீட்டில் முதல் பட்டதாரி அவள். அந்தப் பட்டத்தை எந்த ஆபீஸும் மதிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். "படிக்க வெச்சதுக்கு, பொட்டியோட பேசிக்கிட்டு உக்காந்திருக்கா" என்பாள் அம்மா.

காலை வகுப்பு மாணவர் தினமும் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை, "ஃபேன் பாட்டுக்கு ஓடுது, பில்லை உங்கப்பனா கட்டுவான்?" என்றார். சாயங்காலம் அம்மா அதையே சொன்னாள். செவ்வாய், "சீப்பை எங்கடி வெச்சே?" அதுவும் அப்படியே. விஷயத்தைச் சொன்னதும், "அந்தாளாவது ஒழுங்கா பேசுறானே" என்று அம்மா சிரித்தாள். இவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

புதன்கிழமை அவர் சொன்னார்: "அவ எங்க போனா? செருப்பு இங்கயே கிடக்கே. சரியா டீச்சர்?"

"ரொம்ப சரி" என்றாள், பழக்க தோஷத்தில்.

வகுப்பு முடிந்ததும் வாசலுக்கு ஓடிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். நாள் முழுக்கக் கழற்றவில்லை. சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்குள் செருப்போடு நிற்பதற்கு நல்ல திட்டு விழட்டும் என்று கூடத்தின் நடுவில் நின்றாள்.

அம்மா அவளைத் தாண்டிப் போய் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அவ எங்க போனா?"

"இங்கதாம்மா நிக்கிறேன்."

அம்மா திரும்பி வந்து, குனிந்து, அவள் காலடியைப் பார்த்தாள்.

"செருப்பு இங்கயே கிடக்கே."