கழுத்துத் தையல்

"ஒரு நிமிஷம் அப்படியே இருங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரி கேமராவைத் தூக்கினாள்.

கல்லூரி முதல்வரின் கை காலருக்குப் போனது. படம் எடுக்கிறார்கள் என்றால் யாருக்கும் கை தானாகக் காலருக்குப் போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அளவெடுக்கிறவளுக்கு அது தெரியும்.

படம் லேசாகச் சாய்ந்துதான் விழுந்தது. வெளிச்சமும் கொஞ்சம் கூடுதல். கேமரா வாங்கி மூன்று மாதமே ஆனவளுக்கு அது போதும்.

கார்டைக் கழற்றி மடிக்கணினியில் செருகினாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்மா?"

"நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சார்."

படத்தைத் திருத்துவது எப்படி என்று காட்ட நேரம் கேட்டுத்தான் வந்திருந்தாள். கூட வந்த பெண்ணை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள். பத்து நிமிடம் தந்திருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்பு அவளுக்கு மவுஸைப் பிடிக்கக்கூடத் தெரியாது. பழைய கேமரா ஒன்றோடு வீட்டுக்கு வந்து, இனி இதுதான் படிப்பு என்று சொன்னபோது தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன்க்கா, தைக்கிற துணிக்கெல்லாம் போட்டோ புடிச்சுக் கடையில மாட்டப் போறியா?" ஆமாம் என்று சொல்லிவைத்தாள். அக்கம்பக்கத்துக்கும் அதே பதில்தான்.

கேமரா விற்றவர், போனிலேயே ஒரு செயலி இருக்கிறது என்றார். விரலால் ஒரு தட்டு. முகம் பளபளவென்று ஆகிவிடுமாம். தட்டிப் பார்த்தாள். ஆனது. ஆனால் எப்படி ஆனது என்று அது சொல்லவில்லை. எப்படி என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பெரிய ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் மென்பொருள் மாதாமாதம் சந்தா கேட்டது. கடைசியில் சும்மா கிடைத்த ஒன்றை இறக்கிக்கொண்டாள். பொத்தான்கள் கண்டமேனிக்கு இறைந்து கிடந்தன. ஆனாலும் அதில் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை அடுக்கிவைக்க முடிந்தது. அதற்கு லேயர் என்று பெயர். மேலே துணி, நடுவில் விறைப்புக்குக் கேன்வாஸ், அடியில் லைனிங். அதை மட்டும் யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றதெல்லாம் அழவைத்தது. அடுப்பு வேலைக்கு நடுவில் வீடியோ பார்த்துப் பாடம். ஒரு வரி புரிய நாலு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் முறை, கடைப் பொம்மையின் கழுத்தில் தன் தலையை ஒட்டினாள். காது எலி கடித்தது போல வந்தது. அடுத்த முறை முகம் வெயிலிலும் கழுத்து நிழலிலும் கிடந்தன. கோபத்தில் மடிக்கணினியைப் படாரென்று மூடினாள். மூடிய கையாலேயே திறந்தாள். உரலுக்குள் தலையை விட்டாயிற்று. இனி உலக்கைக்குப் பயந்து என்ன செய்ய?

ஓரத்தை மழுக்கும் கருவி பிடிபட்ட அன்று வழி தெரிந்தது. தையல் வெளியே தெரியாமல் உள்பக்கம் மடித்து அடிப்பதுதான் அது. வேறொன்றுமில்லை.

இப்போது முதல்வரின் தலையைச் சுற்றி நிதானமாகக் கோடு இழுத்தாள். காதோரம், தாடை, மோவாய். சாக்பீஸ் பிடித்துப் பழகிய கை பிசகவில்லை. வெட்டினாள். வேறொரு படத்தைத் திறந்து அதன் மேல் வைத்தாள். முகத்தின் நிறத்துக்கு உடம்பின் நிறத்தை இழுத்துவந்தாள். ஓரத்தை மடித்தாள்.

கப்பில் டீ பாதி இருந்தது.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையில், ஒரு கட்டிலில், அரை டவுசரோடு தொப்பை தெரியச் சாய்ந்து கிடந்தார் முதல்வர். கையில் மதுப் பாட்டில். முகத்தில் ஒரு சிரிப்பு.

தொப்பையும் டவுசரும் தம்பியுடையவை. எதற்கு என்று தெரிந்த பிறகு அவன் சிரிக்கவில்லை. அவனே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எடுக்கா" என்று கட்டிலில் சாய்ந்தான்.

முதல்வர் எழுந்த வேகத்தில் டீ மேசையெங்கும் சிந்தியது.

"என்னம்மா அக்கிரமம் இது? இது நான் இல்ல!"

தையல்காரி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"என் பொண்ணும் இதையேதான் சார் சொன்னா. இதே ரூம்ல."

அப்படியொரு படம் மாணவர்களின் போன்களில் சுற்றியபோது அவர் எதையும் விசாரிக்கவில்லை. கல்லூரியின் பெயர் கெடுகிறது என்று இரண்டு வரி எழுதி அந்தப் பெண்ணை நீக்கிவிட்டார். படத்தைப் பார்த்த நொடியிலேயே தாய்க்குத் தெரிந்துவிட்டது, அது ஒட்டு என்று. முகம் மகளுடையது, கழுத்துக்குக் கீழே யாரோ. ஆனால் தெரிந்தது போதவில்லை. காட்டத் தெரிய வேண்டியிருந்தது.

"முதல்ல இதை அழிங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அவர் கண்ணெதிரிலேயே அழித்தாள்.

"உங்களோடதை நம்ம ரெண்டு பேர் மட்டும்தான் பார்த்தோம். அழிச்சா போச்சு. அவளோடதை நான் எங்கே போய் சார் அழிப்பேன்?"

முதல்வர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை மெல்ல எழுந்து, தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

பிறகு மணியை அடித்தார். வந்த உதவியாளரிடம் நீக்க உத்தரவு இருந்த ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். வெளியே பெஞ்சில் இருக்கும் அவள் மகளையும் உள்ளே அனுப்பச் சொன்னார்.

"அப்படியே அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க சார்" என்றாள் தையல்காரி. "போன தடவை நிக்க வச்சே பேசினீங்க."