கெசியா தேய்த்த குண்டுகள்

எல்லைத் தகராறில் மச்சான் லெமுவேலைச் சுட்டே தீருவதென்று, கென்டக்கி மலைக்காட்டில் ஏமஸ் துப்பாக்கியோடு எழுந்தான். அவன் மனைவி கெசியா, வார்த்த ஈயக்குண்டுகளைக் கண்ணீரோடு அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்காக அழுவுறியா? குண்டு குழலுக்குக் கச்சிதமா இருக்கணும்டி!"

"இருக்கும், கொண்டு போங்க."

மாலையில் ஏமஸ் சிரித்தபடி திரும்பினான்.

"சுட மனசு வரலடி. ராசியாயிட்டோம்!"

கெசியா மண்டியிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். பிறகுதான் கேட்டாள்:

"குண்டுப் பை எங்கே?"

"மச்சான்கிட்ட குடுத்துட்டேன். ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே அச்சுதானே! மாட்டை அடிச்ச கரடியைத் தேடிப் போயிருக்கான்."

கெசியா அலறியபடி காட்டுக்குள் ஓடினாள். குழலில் தளர்ந்து போகும் குண்டு குறி தவறும் என்றுதான், தம்பியைக் காப்பாற்ற, ஒவ்வொரு குண்டையும் அளவுக்கு மீறித் தேய்த்திருந்தாள்.