ஒரு சாண் அல்லி

அந்தத் தெருவில் யார் வீட்டு அல்லி பெரிதோ, அவர் வீட்டில்தான் அளவுக்காரி காப்பி குடிக்க வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, அது ஒரு கௌரவம்.

ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஒரு சதுப்புத் தொட்டி இருந்தது. வீட்டில் புழங்கிய தண்ணீர் அதில் இறங்கித் தெளிந்து மறுபடி குழாய்க்கு வரும். அதில் நட்ட அல்லி ஒரு சாண் விரிந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம். சுருங்கினால் வாயில் வைக்கக் கூடாது. மாதாமாதம் அளந்து சொல்வது சந்தனமாரியின் வேலை.

இந்த மாதம் எல்லா வீட்டுப் பூவும் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மாடி மாடியாக ஏறி இறங்கிக் கால் கழன்றுபோய்க் கடைசி வீட்டுக்கு வந்தால், ஞானையாவின் தொட்டியில் தாம்பாளம் போல ஒரு பூ. அளப்பதற்கு முன்பே காப்பி வந்துவிட்டது. அவளும் ரசித்துக் குடித்தாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி?"

"தண்ணி ஆபீஸ்ல குடுத்த செடி சவலைப்பிள்ளை மாதிரி கிடந்துச்சு தாயி. அதைப் பிடுங்கிட்டு மச்சினன் ஊர்க் குளத்துச் செடியை வச்சேன். அதுக்குப் பரம்பரையே பெரிய பூதான்."

சந்தனமாரி குனிந்து இதழைப் புரட்டினாள். அடியில் நீல ரேகை ஓடியது.

"அண்ணாச்சி, இந்த வம்சத்தைச் சாக்கடையில நட்டாலும் இப்படித்தான் பூக்கும். தண்ணியைப் பத்தி இதுக்குக் கவலையே கிடையாது."

ஞானையாவின் முகம் தொங்கிப்போனது. "ரெண்டு நாளா பிள்ளைகளுக்கு வயிறு சரியில்ல. வெயில்னுல்லா நினைச்சோம்."

"அப்போ இந்தக் காப்பி?"

அவர் குழாயைப் பார்த்தார். சந்தனமாரி டம்ளரைப் பார்த்தாள். அடிமண்டி மட்டும் மிச்சமிருந்தது.